பெறுநர் யார்? வேலை விண்ணப்பக் கடிதம் எழுதுவது பற்றி



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு பக்கக் கடிதம். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பயோடேட்டாவுக்கு மேலே வைத்து அனுப்புகிறோமே, கவரிங் லெட்டர், அந்தக் கடிதம். ஒரு பக்கக் கடிதத்துக்கு ஒரு சொற்பொழிவா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் பல ஆண்டுகள் உட்கார்ந்து இந்தக் கடிதங்களைப் பிரித்துப் படித்தவன் நான். அந்த உரிமையில் சொல்கிறேன். கை நிறையத் தொழில் தெரிந்த பிள்ளைகள் இந்த ஒரு பக்கத்தில் தடுக்கி விழுவதை நான் பார்த்திருக்கிறேன். வேலை தெரியும், தெரிந்த வேலையைத் தாளில் சொல்லத் தெரியாது. அந்தத் தாள் பேசாததால் அந்தப் பிள்ளை நேர்காணல் அறை வரைக்கும் வர முடியாமலே போய்விடும். அந்த வருத்தம்தான் என்னை இந்த மேடைக்கு அழைத்து வந்திருக்கிறது.

எங்கே தொடங்குவது? திருவல்லிக்கேணியில் தொடங்குவோம்.

1912ஆம் ஆண்டு, பிப்ரவரி 9ஆம் தேதி. திருவல்லிக்கேணி சம்மர் ஹவுஸ் என்ற முகவரியிலிருந்து ஓர் இளைஞர் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைமைக் கணக்கருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுகிறார். துறைமுக அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா இடம் காலி என்று அவருக்குத் தெரியவந்திருக்கிறது. வயது 24. திருமணம் ஆகியிருக்கிறது. கல்லூரிப் படிப்பு பாதியில் நின்றுபோயிருக்கிறது. கும்பகோணத்தில் கிடைத்த உதவித்தொகையும் போயிற்று, பிறகு பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. என்ற இடைநிலைக் கல்லூரித் தேர்வில் தேறவில்லை. கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்கள் அவர் கைக்குள் வரவே இல்லை. அந்த இளைஞரின் பெயர் சீனிவாச ராமானுஜன்.

இப்போது நீங்களே சொல்லுங்கள். அந்த நிலையில் இருக்கும் ஒருவர் என்ன எழுதியிருப்பார்? என் குடும்பம் வறுமையில் வாடுகிறது என்றா? என்னை விட்டால் இந்த வேலைக்கு ஆள் இல்லை என்றா? பக்கம் பக்கமாகத் தன் கதையைச் சொல்லியிருப்பாரா?

இல்லை. அந்தக் கடிதத்தின் உடல் பகுதி ஐந்தாறு வாக்கியங்கள்தான். தங்கள் அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா இடம் காலி என்று அறிகிறேன், அதற்கு விண்ணப்பிக்கிறேன் என்று தொடங்குகிறார். மெட்ரிகுலேஷன் தேறியிருக்கிறேன், எஃப்.ஏ. வரை படித்தேன், எதிர்பாராத சில சூழ்நிலைகளால் அதற்கு மேல் தொடர முடியவில்லை என்கிறார். அப்படி நின்றுபோனாலும் என் நேரம் முழுவதையும் கணிதத்துக்கே கொடுத்து வருகிறேன் என்கிறார். இந்த வேலையை ஏற்றால் செவ்வனே செய்ய முடியும் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கிறது என்கிறார். ஆகவே இந்தப் பணியைத் தந்தருள வேண்டும் என்று முடிக்கிறார். கூடவே, மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் தந்த பரிந்துரையை இணைக்கிறார். அவ்வளவுதான். 1912 மார்ச் 1 முதல் அவருக்கு வேலை. மாதச் சம்பளம் 30 ரூபாய்.

பரிந்துரைக்கு அதில் பெரும் பங்கு உண்டு. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் கடிதத்தின் கட்டுமானத்தைப் பாருங்கள். எந்த வேலைக்கு எழுதுகிறேன் என்பது முதல் வரியிலேயே இருக்கிறது. என்ன படித்தேன் என்பது இருக்கிறது. எங்கே நின்றது என்பது ஒளிவுமறைவு இல்லாமல் இருக்கிறது. நின்ற பிறகு என்ன செய்தேன் என்பது உடனே அடுத்த வரியில் இருக்கிறது. கடைசியில், எனக்கு இந்த வேலை வேண்டும் என்ற நேரான கோரிக்கை. இன்று நீங்கள் எழுதப்போகும் கடிதத்துக்கும் இதைவிட நல்ல எலும்புக்கூடு எனக்குத் தெரியாது.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கடிதத்தில் இல்லாத ஒரு செய்தி இருக்கிறது. 1911ஆம் ஆண்டிலேயே இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் ராமானுஜனின் ஆய்வுக் கட்டுரை வெளிவந்துவிட்டது. கடிதம் போய்ச் சேரும் தலைமைக் கணக்கர் நாராயண ஐயரோ அதே கணிதக் கழகத்தைச் சேர்ந்தவர், கணிதம் கற்றவர். "என் கட்டுரை கழக இதழில் வந்திருக்கிறது" என்ற ஒரு வரி அங்கே இருந்திருந்தால் எவ்வளவு கனம் கூடியிருக்கும்! படிக்கப்போகிறவர் யார் என்பதை வைத்து எழுத வேண்டிய வரி அது. அந்த வரியை எழுதும் கலையை ராமானுஜன் அடுத்த ஆண்டே கைக்கொண்டார். அதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். இதைக் கொஞ்சம் கூர்ந்து கேளுங்கள்.

1913 ஜனவரி 16. துறைமுக அலுவலகத்தின் குமாஸ்தா இங்கிலாந்துக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் இருந்த கணித அறிஞர் ஜி. எச். ஹார்டிக்கு. ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளம் வாங்கும் கணக்குப் பிரிவுக் குமாஸ்தா நான், பல்கலைக்கழகப் படிப்பு எனக்கு இல்லை என்று தன்னை அறிமுகம் செய்துகொள்கிறார். அதற்குப் பிறகு என்ன எழுதுகிறார் தெரியுமா? நீங்கள் வெளியிட்ட "ஆர்டர்ஸ் ஆஃப் இன்ஃபினிட்டி" என்ற சிறு நூலை அண்மையில் பார்த்தேன், அதன் 36ஆம் பக்கத்தில், ஓர் எண்ணுக்குக் கீழே எத்தனை பகா எண்கள் உள்ளன என்று சொல்லும் கோவை எதுவும் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், உண்மை விடைக்கு மிக நெருங்கி வரும் ஒரு கோவையை நான் கண்டிருக்கிறேன் என்கிறார்.

36ஆம் பக்கம்! நண்பர்களே, அந்தப் பக்க எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் புகழ் உலகறியும் என்று அவர் எழுதவில்லை. உங்கள் புத்தகத்தைப் படித்தேன், இந்தப் பக்கத்தில் இது இல்லை என்கிறீர்கள், என்னிடம் இருக்கிறது என்று எழுதினார். அதோடு விடவில்லை. தான் கண்ட தேற்றங்களைப் பக்கம் பக்கமாக இணைத்து அனுப்பினார். பிறகு, இவற்றில் மதிப்பு ஏதேனும் இருந்தால் வெளியிட விரும்புகிறேன், நான் ஏழை, அனுபவம் இல்லாதவன், உங்கள் ஆலோசனையைப் பெரிதும் மதிப்பேன் என்று முடித்தார்.

அந்தப் பகா எண் கோவையில் ராமானுஜன் சொன்ன அளவுக்குத் துல்லியம் இல்லை என்று பின்னால் தெரிந்தது. அது வேறு செய்தி. ஆனால் கடிதத்தைக் குப்பைக் கூடையில் போட முடியாமல் செய்தது எது? இணைத்திருந்த அந்தப் பக்கங்கள். ஹார்டி அவற்றைத் தம் நண்பர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து ஆராய்ந்தார். சில ஏற்கெனவே தெரிந்தவை. சில முயன்றால் நிறுவிவிடலாம். சிலவோ அவர் அதுவரை கண்டிராதவை. பிப்ரவரி 8ஆம் தேதி பதில் எழுதினார், நிறுவல்களை அனுப்புங்கள் என்று கேட்டார். அடுத்த ஆண்டு மார்ச் 17ஆம் தேதி ராமானுஜன் சென்னையில் கப்பல் ஏறினார்.

நாம் ராமானுஜன் இல்லையே என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஹார்டியும் உங்கள் கடிதத்தைப் படிக்கப் போவதில்லை. ஆனால் யாரோ ஒருவர் படிக்கப் போகிறார். யார் அவர்? இந்தக் கேள்வியைத்தான் இன்று உங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்போகிறேன். யார் படிக்கப் போகிறார்?

பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதக் கற்றபோது இடது பக்கத்தில் அனுப்புநர் என்று போட்டோம், அதற்குக் கீழே பெறுநர் என்று போட்டோம். பெறுநருக்குக் கீழே முகவரியை எழுதிவிட்டு அந்த ஆளை அங்கேயே மறந்துவிட்டோம். அதன் பிறகு கடிதம் முழுக்க அனுப்புநர்தான். நான், எனது, எனக்கு, என்னை. எனக்கு ஒரு வாய்ப்பு, எனது எதிர்காலம், என் குடும்பச் சூழ்நிலை. படிப்பவர் மேசையில் என்ன இருக்கிறது என்று ஒரு நொடியாவது நினைத்துப் பார்த்தோமா?

நான் அந்த மேசையில் இருந்தவன், சொல்கிறேன். அவருக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. அதனால்தான் விளம்பரமே கொடுத்தார். கணக்குப் பிரிவில் இருந்த பெண் திருமணமாகிப் போய்விட்டார், மாதக் கடைசி நெருங்குகிறது. மெயின்டனன்ஸ் பிரிவில் மூத்தவர் ஓய்வு பெறுகிறார், ராத்திரி ஷிப்டில் மெஷின் நின்றால் பார்க்க ஆள் இல்லை. ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் டீச்சர் பாதியில் போய்விட்டார், பெற்றோர்கள் தலைமையாசிரியர் அறைக்கு வரத் தொடங்கிவிட்டார்கள். அவர் கடிதக் கட்டைக் கையில் எடுக்கும்போது, இந்தச் சிக்கலைத் தீர்க்க இதில் யாராவது இருக்கிறார்களா என்று தேடித்தான் எடுக்கிறார். அவரும் உங்களைத்தான் தேடுகிறார், நண்பர்களே! நீங்கள் கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான்.

இதை மிகப் பழங்காலத்திலேயே தெரிந்து வைத்திருந்த ஒருவர் உண்டு. மோனாலிசா ஓவியத்தைத் தீட்டிய லியனார்டோ டா வின்சி. ஏறத்தாழ 1482ஆம் ஆண்டில், முப்பது வயதில், அவர் மிலான் நகரை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவிடம் வேலை கேட்டு எழுதிய கடிதத்தின் வரைவு இன்றும் இருக்கிறது. எழுத்து வேறொருவருடையது, சொன்னது லியனார்டோ என்று கொள்கிறார்கள். ஓர் ஓவியர் அரசனிடம் வேலை கேட்டால் எதைப் பற்றி எழுதுவார்? ஓவியத்தைப் பற்றி என்றுதானே நினைப்போம்?

மிலானுக்கு அப்போது போர்க் கவலை. வெனிஸ் பகையாக நிற்கிறது. ஆகவே லியனார்டோ எழுதுகிறார்: எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய இலேசான பாலங்கள் செய்யத் தெரியும். முற்றுகையின்போது அகழி நீரை வடிக்கத் தெரியும். ஓசையில்லாமல் சுரங்கம் தோண்டத் தெரியும், ஆற்றுக்கு அடியிலேயே போக வேண்டியிருந்தாலும். பீரங்கி, மூடிய போர் வண்டி, கடற்போருக்கான கருவிகள் என்று ஒவ்வொன்றாக வரிசை போட்டு எழுதுகிறார். அமைதிக் காலத்தில் கட்டடமும் நீர்வழியும் அமைப்பேன் என்பது பத்தாவதாக வருகிறது. சிற்பமும் ஓவியமும் எங்கே? அதற்கும் பிறகு, கடிதத்தின் கடைசியில். அங்கேயும் ஒரு கூர்மை. உங்கள் தந்தையாரின் நினைவாக வெண்கலக் குதிரைச் சிலை அமைக்கும் பணியையும் எடுத்துக்கொள்ள முடியும் என்கிறார். அந்தச் சிலை ஸ்ஃபோர்ஸா குடும்பத்தின் கனவு!

உலகமே போற்றப்போகும் ஓவியர் தன் ஓவியத்தைக் கடைசியில் வைத்தார். ஏன்? எதிரில் இருப்பவருக்கு முதலில் எது தேவையோ அதை முதலில் வைத்தார். இந்தத் துணிவு நமக்கு வர வேண்டும். உங்களுக்குப் பெருமையாக இருக்கும் தங்கப் பதக்கம் மூன்றாவது பத்திக்குப் போகலாம். விளம்பரம் கொடுத்தவருக்குத் தேவையான அனுபவம், டேலி என்ற கணக்கு மென்பொருளில் வேலை செய்தது போன்றது, முதல் பத்திக்கு வர வேண்டும்.

ஒன்றை மட்டும் லியனார்டோவிடம் கற்றுக்கொள்ளாதீர்கள். அந்தப் பட்டியலில் உள்ள பலவற்றை அவர் அதற்கு முன் செய்து காட்டியதற்குச் சான்று இல்லை. நம் ஊரில் எக்ஸெல் தெரியும் என்று எழுதிவிட்டு, நேர்காணலில் ஒரு ஷீட்டைத் திறந்து வைத்து ஒரு கேள்வி கேட்டால் முகம் வெளுத்துப்போகும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த வேதனை உங்களுக்கு வேண்டாம். தெரிந்ததை எழுதுங்கள். கற்றுக்கொண்டிருப்பதைக் கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று எழுதுங்கள். அதற்கும் மதிப்பு உண்டு.

இனி, ஒரு கடிதத்தை மேசையில் விரித்து வைத்துப் பார்ப்போம். கோயம்புத்தூர்ப் பக்கம் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் பிரிவுக்கு ஆள் தேவை, டேலி தெரிந்திருக்க வேண்டும், ஜிஎஸ்டி வேலையில் உதவ வேண்டும் என்று விளம்பரம். பி.காம். முடித்த ஒரு பெண் விண்ணப்பிக்கிறாள். அவள் எழுதும் முதல் கடிதம் இப்படி இருக்கிறது:

"தங்கள் மேலான நிறுவனத்தில் காலியாக உள்ள பணியிடத்திற்கு விண்ணப்பிக்கிறேன். நான் கடின உழைப்பாளி. நேர்மையானவள். குழுவோடு இணைந்து பணியாற்றும் திறன் உடையவள். எனக்கு ஒரு வாய்ப்பு அளித்தால் தங்கள் நிறுவனத்தின் வளர்ச்சிக்கு அயராது பாடுபடுவேன் என உறுதி கூறுகிறேன்."

இதில் பொய் ஏதும் இல்லை. அந்தப் பெண் உண்மையிலேயே உழைப்பாளிதான். ஆனால் இந்தக் கடிதத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம். எந்த நிறுவனத்துக்கும் அனுப்பலாம். எந்த வேலைக்கும் அனுப்பலாம். இதே வாக்கியங்களை அன்று காலையிலேயே அந்த மேலாளர் பல தாள்களில் படித்துவிட்டார். இந்தப் பெண்ணை அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

அவளை உட்கார வைத்துக் கேட்கிறோம். டேலியில் என்னம்மா செய்திருக்கிறாய்? அவள் தயங்கித் தயங்கிச் சொல்கிறாள். "அது பெரிய வேலை எல்லாம் இல்லை சார். பெரியப்பா ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். காலேஜ் முடிந்து சாயங்காலம் போய் பில் போடுவேன்." அதைச் சொல்லம்மா! அதைத்தான் கேட்கிறார்கள்! இப்போது அவள் எழுதும் இரண்டாவது கடிதத்தைக் கேளுங்கள்:

"கணக்குப் பிரிவுக்கு டேலியும் ஜிஎஸ்டி வேலையும் தெரிந்தவர் தேவை என்ற தங்கள் விளம்பரத்தைப் பார்த்தேன். என் பெரியப்பாவின் ஹார்டுவேர் கடையில் இரண்டு ஆண்டுகளாக மாலை நேரங்களில் இந்த இரண்டு வேலைகளையும் செய்து வருகிறேன். மாதம் சுமார் 200 கொள்முதல் பில்களை டேலியில் பதிகிறேன். 14ஆம் தேதி ஜிஎஸ்டிஆர் 2பி வந்ததும் எங்கள் பதிவோடு ஒப்பிட்டு, அதில் வராத பில்களைத் தனியாக எடுத்து, சப்ளையர்களை போனில் அழைத்துக் கேட்கிறேன். 3பி தாக்கல் செய்யும் 20ஆம் தேதிக்கு முன்பே எல்லாவற்றையும் ஆடிட்டரிடம் ஒப்படைத்துவிடுகிறேன்."

கேட்டீர்களா? இதில் கடின உழைப்பாளி என்ற சொல் எங்கே? இல்லை. தேவையும் இல்லை. வகுப்பு முடிந்து கடைக்குப் போகிறாள் என்பதிலேயே உழைப்பு தெரிகிறது. வராத பில்லைத் தேடி போன் செய்கிறாள் என்பதிலேயே பொறுப்பு தெரிகிறது. தேதி பிசகாமல் ஆடிட்டரிடம் கொடுக்கிறாள் என்பதிலேயே நாணயம் தெரிகிறது. சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களைக் காட்டும் 2பி என்றும், மாத ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்யும் 20ஆம் தேதி என்றும் அவள் எழுதியதைப் பார்த்ததுமே அந்தக் கணக்குப் பிரிவு மேலாளருக்கு, இந்தப் பெண்ணுக்கு வேலை தெரியும், முதல் நாளிலிருந்து கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை என்று புரிந்துவிடும். இந்த வரிகள் அவளுடையவை. வேறு யாரும் எழுத முடியாதவை. அவளுடைய 36ஆம் பக்கம் அது!

"சார், எனக்கு அந்த அளவுக்கும் அனுபவம் இல்லையே" என்று சிலர் மனத்துக்குள் சொல்வது எனக்குக் கேட்கிறது. உண்மையாகவே இல்லையா? நன்றாக யோசித்துப் பாருங்கள். அம்மாவின் இட்லிக் கடையில் மாவுக்கும் எரிவாயுவுக்கும் நோட்டுப் போட்டு வரவு செலவு எழுதுவது யார்? ஊர்த் திருவிழாவில் வசூல் கணக்கைப் பைசா பிசகாமல் வாசித்தவர் யார்? என்.எஸ்.எஸ். முகாமில் நூறு பேருக்குச் சாப்பாடு ஏற்பாடு செய்தது யார்? தெருவில் தண்ணீர் மோட்டார் புகைந்துபோனால் கழற்றிக் கொண்டுவந்து வைண்டிங் கட்டித் தரும் ஐடிஐ மாணவன் இந்த அரங்கில் இருப்பான் என்று எனக்குத் தெரியும். தம்பி, அதைக் கடிதத்தில் எழுதினாயா? எத்தனை ஹெச்.பி. மோட்டார், என்ன பழுது, எப்படிச் சரிசெய்தாய்? சம்பளம் வாங்காத வேலை வேலையே இல்லை என்று உனக்கு யார் சொன்னது?

நம் வீடுகளில் பெண்பிள்ளைகள் செய்யும் வேலைக்குப் பெயரே வைப்பதில்லை. மகளிர் சுயஉதவிக் குழுவின் தீர்மான நோட்டையும் வங்கிப் பாஸ்புக்கையும் ஆண்டுக்கணக்காகக் காத்துவரும் ஒரு பெண், அலுவலக உதவியாளர் வேலைக்கு எழுதும்போது "அனுபவம்: இல்லை" என்று போடுகிறார். என் நெஞ்சு பதறுகிறது. அம்மா, நீங்கள் எழுதி வைத்த அந்த நோட்டுதான் அனுபவம்!

அடுத்து, எழுதக் கை நடுங்கும் ஓர் இடத்துக்கு வருவோம். படிப்பில் விழுந்த இடைவெளி. அரியர் வைத்த ஆண்டு. வேலையை விட்ட இரண்டு ஆண்டு. தாய்க்கு நோய் வந்து வீட்டில் இருந்திருப்பீர்கள். குழந்தை பிறந்து வீட்டில் இருந்திருப்பீர்கள். போட்டித் தேர்வுக்குப் படித்துக் கிடைக்காமல் போயிருக்கும். இதை எப்படி எழுதுவது?

பலர் இரண்டு வழிகளில் ஒன்றை எடுக்கிறார்கள். ஒன்று, மறைக்கிறார்கள். ஆண்டுகளைக் கூட்டிப் பார்ப்பவர் கண்ணில் அது முதலிலேயே படும், அவர் மனத்தில் ஐயம் விழும். இல்லையென்றால் அரைப் பக்கம் விளக்கம் எழுதுகிறார்கள், மன்னிப்புக் கேட்கும் குரலில். இரண்டும் வேண்டாம். ராமானுஜனின் விண்ணப்பத்தை நினைத்துப் பாருங்கள். படிப்பு நின்றதற்கு அரை வாக்கியம், அதன் பிறகு என்ன செய்கிறேன் என்பதற்கு ஒரு முழு வாக்கியம். நீங்கள் அவரைவிடத் தெளிவாகவே எழுதலாம். "2021 முதல் 2023 வரை அம்மாவின் சிகிச்சைக்காக வீட்டில் இருந்தேன். அந்தக் காலத்தில் டேலி பிரைம் பயிற்சி முடித்தேன். இப்போது முழுநேர வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன்." மூன்று வாக்கியம். அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். பெற்ற தாயைப் பார்த்துக்கொண்டதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. குழந்தையை வளர்த்ததற்கும் வேண்டியதில்லை. தலை நிமிர்ந்து எழுதுங்கள்.

எந்த மொழியில் எழுதுவது? விளம்பரம் எந்த மொழியில் வந்ததோ அந்த மொழியில். ஆங்கிலம் என்றதும் நம் பிள்ளைகள் பயந்துபோய் யாரோ எழுதிய பழைய கடிதத்தை வரிக்கு வரி நகல் எடுக்கிறார்கள். அந்தக் கடிதத்தில் இருக்கும் கடினமான சொற்களுக்குப் பொருள் கேட்டால் சொல்லத் தெரியாது. நான் ஒரு வழி சொல்கிறேன். முதலில் தமிழில் எழுதுங்கள். உங்கள் அக்காவிடம், "அந்தக் கம்பெனியில் இந்த வேலைக்கு ஆள் கேட்கிறார்கள் அக்கா, அது எனக்குத் தெரியும், ஏனென்றால்" என்று எப்படிச் சொல்வீர்களோ அப்படியே எழுதுங்கள். பிறகு அதைச் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக மாற்றுங்கள். சின்ன வாக்கியத்தில் பிழை வருவது குறைவு, வந்தாலும் கண்ணில் படும், திருத்திவிடலாம்.

இப்போது சாட்ஜிபிடியிடம் கேட்டால் அரை நிமிடத்தில் கடிதம் வந்துவிடுகிறது. இலக்கணம் பார்க்கவும், நீளத்தைக் குறைக்கவும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். தவறில்லை. ஆனால் அதற்கு உங்கள் பெரியப்பா கடை தெரியுமா? நீங்கள் கட்டிய வைண்டிங் தெரியுமா? நீங்கள் சொல்லாதவரை தெரியாது. செய்தி உங்களிடமிருந்து போக வேண்டும். ஒன்றும் கொடுக்காமல் ஒரு கடிதம் எழுதித் தா என்றால், அந்த மேலான நிறுவனமும் கடின உழைப்பாளியும்தான் இன்னும் அழகான ஆங்கிலத்தில் திரும்பி வருவார்கள்.

சில செய்திகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். கடிதம் ஒரு பக்கம்தான். சென்ற வாரம் வேறு நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தை எடுத்துத் திருத்தும்போது பழைய நிறுவனத்தின் பெயர் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடுங்கள். அது ஒன்று போதும் கடிதத்தை ஒதுக்க. மின்னஞ்சலில் அனுப்பினால் பொருள் வரியில் வேலையின் பெயரையும் உங்கள் பெயரையும் போடுங்கள். கோப்பைப் பிடிஎஃப் ஆக்கி அதற்கும் உங்கள் பெயரையே வையுங்கள். சாதி, மதம், அப்பாவின் வருமானம் எல்லாம் தனியார் நிறுவனக் கடிதத்தில் அவர்கள் கேட்காதவரை வேண்டாம். சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று விளம்பரம் கேட்டால் மட்டும் எழுதுங்கள். யாருடைய பெயரையாவது ரெஃபரன்ஸ் என்று போடுவதானால் முதலில் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வு போன்றவற்றுக்கு இணையப் படிவம்தான், இந்தக் கடிதத்துக்கு அங்கே இடமில்லை. பள்ளி, மருத்துவமனை, மில், தொண்டு நிறுவனம், சிறு தொழில், இவற்றுக்குத்தான் நான் இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம்.

கடைசிப் பத்திக்கு வருகிறேன். பெரும்பாலான கடிதங்கள் முடிவில் குரல் இறங்கிவிடுகின்றன. "தங்கள் பதிலை ஆவலோடு எதிர்பார்த்துக் காத்திருக்கிறேன்" என்று முடித்துவிடுகிறோம். லியனார்டோ எப்படி முடித்தார் தெரியுமா? நான் சொன்னவற்றில் எதையாவது யாரேனும் நடக்காத காரியம் என்று கருதினால், உங்கள் பூங்காவிலோ நீங்கள் விரும்பும் வேறெந்த இடத்திலோ செய்து காட்டத் தயார் என்றார்! என்ன நெஞ்சுரம் பாருங்கள். அந்த வரியை நீங்களும் எழுதலாம். ஆசிரியர் வேலைக்கு எழுதுகிறீர்களா? "தாங்கள் தரும் எந்தப் பாடத்தையும் எந்த வகுப்பிலும் ஒரு பீரியட் எடுத்துக் காட்டத் தயாராக இருக்கிறேன்" என்று எழுதுங்கள். கணக்கு வேலைக்கா? "ஒரு நாள் வந்து தங்கள் பில்களைப் பதிந்து காட்டுகிறேன்" என்று எழுதுங்கள். மெயின்டனன்ஸ் வேலைக்கா? "நின்றுபோன ஒரு மோட்டாரைக் கொடுத்துப் பாருங்கள்" என்று எழுதுங்கள். எந்த நாளில் வர முடியும், எந்த எண்ணில் அழைக்கலாம் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். அந்தப் போன் எண்ணை மட்டும் இரண்டு முறை சரிபாருங்கள்.

அனுப்பிய பிறகு? ஒரு வாரம், பத்து நாள் பொறுங்கள். பதில் இல்லையென்றால், இன்ன தேதியில் இன்ன வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன், இடம் இன்னும் நிரப்பப்படவில்லை என்றால் நேரில் வரத் தயாராக இருக்கிறேன் என்று இரண்டு வரி அனுப்புங்கள். ஒரே ஒரு முறை. அதற்கும் பதில் வரவில்லை என்றால் அந்தக் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அதைப் படித்தவர் எந்த வரியில் நின்றிருப்பார், எந்த வரியில் தாண்டிப் போயிருப்பார் என்று பென்சிலால் குறியுங்கள். அடுத்த நிறுவனத்துக்கு எழுதும்போது அந்த வரியை மாற்றுங்கள். ராமானுஜனும் ஹார்டிக்கு முன் வேறு சில கணித அறிஞர்களை அணுகிப் பார்த்தவர்தான், அங்கே கதவு திறக்கவில்லை.

இந்த நூலகத்தின் நூலகர் அவர்கள் எனக்குத் தந்த நேரம் முடிந்துவிட்டது. விண்ணப்பக் கடிதம் எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். கொண்டுவந்திருப்பவர்கள் விளம்பரத்தையும் கடிதத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வாசிப்பறையின் நீள மேசைக்கு வாருங்கள். கொண்டுவராதவர்கள் ஒரு வெள்ளைத் தாளோடு வாருங்கள். ஒவ்வொன்றாகச் சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.